ரிப்பன் பாலம்

எட்டாம் வகுப்பில் அவளுக்கு வானொலி என்று பட்டப்பெயர். பொருத்தமான பெயர்தான். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் போதும், அடுத்த மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

அறிவியல் கண்காட்சிக்கு வெளியூர் போக ஒருவருக்குத்தான் இடம். வானொலியின் பக்கத்தில் உட்காரும் தோழி ஒரு மாதமாக அதே நினைப்பாக இருந்தாள். குச்சியில் பாலம் செய்து பெயர் எழுதாமல் வைக்க வேண்டும், யார் செய்தது என்று மூச்சு விடக் கூடாது, சீட்டுப் போட்டு வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும் என்றார் ஆசிரியை. கடைசிச் சுற்றுக்கு இரண்டு வந்தன. ஒன்றில் பிசிறில்லாமல் நறுக்கி ஒட்டிய நீல ரிப்பன். மற்றது கம்பி முறுக்கி, பசை வழிந்து, பார்க்கவே கரடுமுரடு.

வானொலிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரிப்பன் என்றால் பெண், கம்பி என்றால் பையன். பெண்கள் எல்லாரும் ரிப்பனுக்கே போட வேண்டும் என்று பெஞ்சு பெஞ்சாக ஓதிவிட்டு வந்தாள். எதிர்ப்பக்கத்தில் பையன்கள் கம்பிக்காகக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். புத்தியில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ரிப்பனுக்குப் பதினாறு, கம்பிக்குப் பதினைந்து. பெண்கள் பதினாறு பேர், பையன்கள் பதினைந்து பேர். வானொலி கைதட்டிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் பக்கத்திலிருந்து தையற்காரர் மகன் எழுந்து, கூச்சத்தோடு போய் ரிப்பன் பாலத்தைக் கையில் எடுத்தான். வானொலியின் முகத்தில் ஈயாடவில்லை.

கம்பிப் பாலத்தை எடுக்கப் போனவள் தோழி. அவள் விரலில் இரண்டு பிளாஸ்திரி. காலையில் என்ன காயம் என்று கேட்டதே வானொலிதான். கதவில் நசுங்கிவிட்டது என்றதும் நம்பியும்விட்டாள். அப்பாவின் வெல்டிங் பட்டறையில் கம்பியும் குறடுமாக வளர்ந்தவள் தோழி என்பது வானொலிக்குத் தெரியாததா?

பள்ளி விட்டதும் வாசலில் வானொலி அழுதேவிட்டாள்.

"என் ஒரு சீட்டு மாறியிருந்தா நீ ஜெயிச்சிருப்படி."

தோழி பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"என் சீட்டு மாறியிருந்தாலும்தான். நீ சொன்னேன்னு நானும் ரிப்பனுக்குத்தான் போட்டேன்."

அன்று தோழியின் வீடுவரை கம்பிப் பாலத்தை வானொலிதான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.