வேலியோரத் தூதுவர்

பந்து மைக்கோலின் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனது. அவனைச் சுற்றிக்கொண்டு போகக்கூட அதற்குச் சோம்பல். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு பாதி மைதானத்தைத் தாண்டியிருந்தான். வேலியோரம் நின்று மாதே என்னும் கசப்பு மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்த நிபியா லரோசா குழலை வாயிலிருந்து எடுத்தாள். கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டாள்.

"டேய் ஆமை! குப்பை வண்டிக்குப் பின்னால மட்டும் அந்த ஓட்டம் ஓடுறே! பந்து மேல குப்பைன்னு எழுதி ஒட்டித் தரட்டுமா?"

"ஒட்டித் தரட்டுமா!" என்றார் பக்கத்தில் நின்ற உபால்தோ. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சொந்தமாக ஒரு வசவும் அவருக்கு வாய்த்ததில்லை. நிபியா சொன்னதன் வாலைப் பிடித்துத் தானும் சொல்லிவிட்டு, தானே கண்டுபிடித்ததைப்போல நாலு பக்கமும் பெருமையாகப் பார்ப்பார்.

வேலியோரம் நின்ற அறுபது எழுபது பேரும் சிரித்தார்கள். உள்ளே மைக்கோல் பெத்ராசாவின் முதுகும் லேசாகக் குலுங்கியது. மாநகராட்சிக் குப்பை வண்டியில் வேலை, ஃபாரோ அணியில் இடது பின்காவல். இரண்டில் எது அதிகம் நாறுகிறது என்று நிபியா அவனிடமே பலமுறை கேட்டிருக்கிறாள்.

ஃபாரோ என்றால் கலங்கரை விளக்கம். மோந்தெவிதியோ நகரின் மேற்கே, தோல் பதனிடும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போன அந்தப் பேட்டையிலிருந்து கடல் தெரியாது. தெரிவதெல்லாம் சாக்கடையாகிவிட்ட ஓர் ஓடை. கிளப்பைத் தொடங்கியவர்களுக்குக் கடலும் தெரியாது, கால்பந்தும் தெரியாது என்பது நிபியாவின் தீர்மானம். அணி ஆடுவது கடைசிப் பிரிவில். அதற்குக் கீழே ஒரு பிரிவு இல்லாததால்தான் இன்னும் கீழே போகாமல் இருக்கிறது. பேட்டையில் எல்லோருக்கும் நகரத்தின் இரண்டு பெரிய கிளப்புகளில் ஒன்றின்மேல்தான் உயிர். ஜெயிப்பதற்கு அங்கே போவார்கள். இங்கே வருவது திட்டுவதற்கு, அல்லது திட்டத் தெரியாதவர்கள் திட்டுக் கேட்பதற்கு. கம்பளி கழுவும் ஆலையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி ஊறிய நிபியாவின் தொண்டைக்கு அந்த மைதானத்தில் ஒலிபெருக்கியைவிட மதிப்பு அதிகம். ஒலிபெருக்கி பாதி நாள் வேலை செய்யாது.

கிளப் தலைவர் எவாரிஸ்தோ பிதெகாய்னுக்குச் சவ அடக்கத் தொழில். பேசும்போது கைகளைக் கோத்து வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார். வெற்றி விழாவில் பேசினாலும் யாரோ போய்ச் சேர்ந்தாற்போலத்தான் இருக்கும். வெற்றி விழா அபூர்வம் என்பதால் அது யாரையும் அதிகம் உறுத்தவில்லை. அந்தக் கோடையில் அவர் தன் அக்காள் மகன் லெயாந்த்ரோவைக் கூட்டிவந்தார். அவன் வெளிநாட்டில் விளையாட்டு விளம்பரத் துறையில் ஏதோ பட்டயம் வாங்கியவன். மழையில் ஒழுகும் கிளப் அறையில் சுவரில் படம் போட்டுக் காட்டினான். வட்டங்கள், வட்டங்களிலிருந்து அம்புகள், அம்புகள் போய்ச் சேரும் வேறு வட்டங்கள்.

"ரசிகர் வர்றது பெருசில்ல. வந்தவர் நெஞ்சுல ஓர் உறவு முளைக்கணும். அந்த உறவை நாம வளர்க்கணும்."

"மொதல்ல மைதானத்துல புல்லு முளைக்கட்டும் தம்பி" என்றாள் நிபியா. அறை வெடித்தது. லெயாந்த்ரோ அதையும் மடிக்கணினியில் குறித்துக்கொண்டான்.

மறுவாரம் வேலியோரமாக வந்து ஒவ்வொருவரிடமும் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டான். வீட்டில் கூரைக்குச் சாயம் பூசச் சொல்கிறார்கள், அதனால் வருகிறேன் என்றார் ஒருவர். நடுவர் தன் முன்னாள் மைத்துனன், அவன் தோற்பதைப் பார்க்க வருகிறேன் என்றார் இன்னொருவர். நடுவர் எப்படித் தோற்பார் என்று லெயாந்த்ரோ கேட்க, "அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று பதில் வந்தது. உபால்தோ நிபியாவைக் கைகாட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் கைகாட்டினார்கள்.

இதிலிருந்து ஒரு புத்திசாலி என்ன முடிவுக்கு வருவானோ அதற்கு நேரெதிரான முடிவுக்கு வந்தான் லெயாந்த்ரோ. இந்தப் பெண்பிள்ளையின் வாய்க்குப் பயந்துதான் குடும்பங்கள் வருவதில்லை.

குடும்ப விழா என்று ஒரு சனிக்கிழமையை அறிவித்தார்கள். காற்றடைத்த கோட்டை, பன்றித்தொடைக்குக் குலுக்கல். பஞ்சில் செய்த கலங்கரை விளக்க உடைக்குள் ஒருவனை நிறுத்தி, தலையில் விளக்கு மினுக்க ஓடவிட்டார்கள். தெற்கத்திக் காற்று அவனை இரண்டு முறை சாய்த்தது. குழந்தைகள் ஏறி மிதித்தார்கள். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். இடைவேளையில் பிதெகாய்ன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். அன்றைக்குப் பார்த்து அது வேலை செய்தது.

"இக்கழகத்தின் ஆன்மாவாக, அணையாச் சுடராக விளங்கிவரும் நிபியா லரோசா அம்மையாரை, ஃபாரோவின் முதல் ரசிகர் தூதுவராக அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன்."

நிபியாவிடம் பதில் தயாராக இருந்தது. இன்னும் சாகவில்லை தலைவரே, பெட்டியை மூடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முந்நூறு பேரும் கைதட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயதில், அவள் பெயரை முழுசாக ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை. ஊரில் உள்ள பகட்டையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டியவள், முதுகில் தங்க நிறத்தில் 'தூதுவர்' என்று எழுதிய நீலச் சட்டையை யாரோ போட்டுவிட, கையை நீட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிற்று என்று உபால்தோ பிற்பாடு சொன்னார். காற்று என்றாள் அவள்.

தூதுவருக்கு இடம் தலைவருக்குப் பக்கத்தில், கூரை போட்ட மேடையில், மெத்தை வைத்த நாற்காலியில். முதல் ஆட்டத்தில் அது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் மைக்கோல் காற்றை உதைத்துவிட்டுக் குப்புற விழுந்தபோது அவள் எழுந்தாள். பிதெகாய்ன் அவள் முழங்கையை மெல்லத் தொட்டார். இழவு வீட்டில் தொடுகிற அதே தொடல். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தோன்யா'வும் சேர்த்துக்கொண்டார்.

"தோன்யா நிபியா. வேலியோரம் நிக்கிறவங்க திட்டினா அது ரசிகர் திட்டினது. கால்பந்துச் சங்கம் கண்டுக்காது. கிளப் பதவியில இருக்கிறவங்க திட்டினா மூணு புள்ளி போயிடும். விதி அப்படி."

"அப்படின்னா இந்தச் சட்டையை நீங்களே வெச்சுக்குங்க."

"ராஜினாமாவைப் பொதுக்குழுதான் ஏத்துக்கணும். நவம்பர்ல கூடும்." கைகளைக் கோத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். அன்று குடித்திருந்த இனிப்பு மது அவருக்குத் தாராள மனசைக் கொடுத்திருந்தது. "மருமவன் உங்களை வெளிய தள்ளணும்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். ஒருத்தர் வாயடைக்க ரெண்டே வழிதான் இருக்குடா, ஒண்ணு என் தொழில், இன்னொண்ணு பதவின்னு சொன்னேன்."

நிபியா உட்கார்ந்தாள். அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பித் தன்மேல் வந்து இறங்கியது. எத்தனை பேரை எத்தனை சுலபமாக நாறடித்திருக்கிறாள்! தன்னை வாங்க ஒரு நீலச் சட்டையும் ஒரு கைதட்டலும் போதுமாக இருந்திருக்கிறது. மூன்று புள்ளி என்றால் மழையில் சேற்றில் புரண்டு பையன்கள் ஜெயித்த ஒரே ஆட்டம். வாயைத் திறந்தால் அது போச்சு.

பன்றித்தொடை ஒருவருக்குத்தான் விழுந்தது. மற்ற இருநூற்றுச் சொச்சம் பேர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. கோட்டையை வாடகைக்குக் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலியோரக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார்கள். கூரைக்குச் சாயம் பூச வேண்டியவர் பூசிவிட்டதாகக் கேள்வி. உபால்தோ மட்டும் அதே இடத்தில் நின்றார். எதிரொலிக்க ஒன்றும் இல்லாமல், வாயைத் திறப்பதும் மூடுவதுமாக, கரையில் போட்ட மீன் மாதிரி.

ஒரு சாயங்காலம் தெருமுனைக் குப்பைத்தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்த வண்டியிலிருந்து மைக்கோல் குதித்தான். ரொட்டியும் கையுமாக வந்த நிபியாவை மறித்து நின்றான்.

"என்ன தோன்யா, எம்மேல கோவமா?"

"உம்மேல கோவப்பட நீ யாருடா?"

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறீங்க? அன்னிக்கு நம்ம கோலுக்குள்ளயே பந்தைத் தள்ளிட்டேன். ஒரு சத்தம் இல்ல. எனக்கே சந்தேகமா போச்சு, நான் மைதானத்துல இருக்கேனா இல்லையான்னு." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தான். "வீட்டுக்குப் போனா என் பொண்ணு கேக்குறா, இன்னிக்கு அந்தம்மா என்னப்பா சொன்னாங்கன்னு. அதைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவேன். இப்ப என்னத்தைச் சொல்ல?"

"வாயைத் தொறந்தா நீங்க ஜெயிச்சதைப் புடுங்கிடுவாங்களாம்டா."

"எதை?"

"மழையில ஜெயிச்சீங்களே."

மைக்கோல் யோசித்தான். "எத்தனைக்கு எத்தனைன்னே மறந்துபோச்சு. 'தவளைக்குக்கூட உன்னைவிட நல்லா வழுக்கத் தெரியும்'னீங்க. அது ஞாபகமிருக்கு."

வண்டி ஹாரன் அடித்தது. அவன் ஓடி ஏறிக்கொண்டான். அந்த ஓட்டத்தைப் பார்த்து நிபியாவின் நாக்கில் ஒன்று வந்தது. விழுங்கினாள். மற்ற பத்துப் பேரும் அவனைப்போலவே மறந்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த சனிக்கிழமை வேலியோரம் பதினாலு பேர். லெயாந்த்ரோ ஒலிபெருக்கியில் "இப்போது எல்லோரும் கைதட்டுவோம்" என்றான். பதினாலு பேரில் ஒருவர் கொசு அடித்தார். பத்தாவது நிமிடத்தில் பந்து உயரமாக வந்தது. மைக்கோல் அதன் கீழே போய் நின்று, தலையைச் சரியாக வைத்து, கண்ணையும் மூடிக்கொண்டான். பந்து அவனுக்கு மூன்றடி பின்னால் விழுந்தது. மைதானம் தேவாலயத்தைப் போல அமைதியாக இருந்தது. லெயாந்த்ரோ மேடையில் எழுந்து மென்மையாகக் கைதட்டினான்.

"முயற்சி அருமை!"

அந்தக் கைதட்டல்தான் நிபியாவால் தாங்க முடியாமல் போனது. மைதானத்தில் ஒருவன் தலையை நிமிர்த்தி, ஆளில்லாத வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு அருமையாம். படிகளில் இறங்கினாள். பின்னால் பிதெகாய்ன் "தோன்யா, தோன்யா" என்றார். வேலியை எட்டிக் கம்பியைப் பிடித்தாள். பல வாரம் சும்மா இருந்த தொண்டை முதலில் கரகரத்தது.

"டேய் ஆமை! கண்ணை மூடிக்கிட்டு எதுக்குடா நிக்கிறே? எவளாவது முத்தம் குடுக்க வர்றாளா? வந்தவளும் உன் மூஞ்சியைப் பார்த்துட்டுப் பின்னால போய் விழுந்துட்டாடா!"

"விழுந்துட்டாடா!" உபால்தோவின் குரல் அழுகைபோல உடைந்து வந்தது.

நடுவர் விசிலடித்தார். நேராக வேலிக்கு வந்து நிபியாவைத் திரும்பச் சொன்னார். முதுகைப் படித்தார்.

"கிளப் நிர்வாகியா?"

பிதெகாய்ன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னாலேயே லெயாந்த்ரோ. நடுவர் ஆட்ட அறிக்கைக்கான அட்டையையும் பேனாவையும் எடுத்தார். "தலைவரே, இந்தம்மா யாரு?"

தலைவர் நிபியாவைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். மூன்று புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முகத்தில் ஊர்ந்து போயின.

"தெரியாதுங்க. யாரோ ஒரு பொம்பளை."

"முதுகுல தூதுவர்னு போட்டிருக்கே?"

"யாரோட சட்டையையோ மாட்டிக்கிட்டு வந்திருக்கு."

நிபியாவுக்கு முதலில் சுருக்கென்றது. ஆன்மா, அணையாச் சுடர். ஒரு மூச்சில் ஊதிவிட்டான் மனுஷன். அப்புறம்தான் விளங்கியது. நவம்பரும் வேண்டாம், பொதுக்குழுவும் வேண்டாம். பொத்தான்களை அவிழ்த்தாள், மேலே மாட்டியிருந்த சட்டையைக் கழற்றி அவர் கையில் போட்டாள்.

"யாரோடதோ, அவங்ககிட்டயே குடுத்துடுங்க தலைவரே. துவைச்சுக் குடுங்க. உங்க பக்கத்துல உக்காந்த வாடை அடிக்குது."

வெளியேற்றுங்கள் என்றார் நடுவர். இருந்த ஒரே போலீஸ்காரர் அவள் தோளைத் தொடாமல், கூடவே நடந்து வாசல்வரை கொண்டுவிட்டார். கதவைச் சாத்தும்போது, "போன வருஷம் என் தொப்பியைப் பத்தி நீங்க சொன்னதை வீட்டுல இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க" என்றார்.

இடைவேளை கழிந்து அணிகள் பக்கம் மாறின. மைக்கோல் இப்போது தெருவை ஒட்டிய செங்கல் சுவரோரமாக ஓடினான். சுவர் ஆள் உயரத்துக்கும் மேல். வெளியே தெருச் சேற்றில் நிற்கும் நிபியாவுக்கு வானம் தவிர ஒன்றும் தெரியாது. உபால்தோ வேலியை விட்டு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார்.

"ஆமைகிட்ட பந்து" என்றார் உரக்க. நிபியாவுக்கு முந்திக்கொண்டு அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். "என்ன பண்றதுன்னு தெரியாம சுத்துறான்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஏதோ வந்தது. உபால்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கேட்காதவர்கள் என்ன என்ன என்று ஓடிவந்தார்கள். பதினாலு பேரும் சுவரண்டை சேர்ந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள், பொரித்த ரொட்டி வாங்க வந்தவர்கள், இன்னும் யார் யாரோ சிரிப்பைக் கேட்டு உள்ளே வந்தார்கள். எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செங்கல்லில் காதை வைத்து நின்றார்கள். மேடையில் பிதெகாய்ன் மடியில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். லெயாந்த்ரோ சுவரோரத் தலைகளை எண்ணத் தொடங்கினான்.

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. எறிய வேண்டியவன் மைக்கோல். பந்தை எடுத்து, சுவருக்கு இரண்டு அடி முன்னால் வந்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். நடுவர் எறி எறி என்று கையை வீசினார். சக ஆட்டக்காரர்கள் கூப்பிட்டார்கள். அவன் எறியவில்லை. தலையைச் சற்றே சுவர்ப் பக்கம் சாய்த்து, காதைத் தீட்டியபடி நின்றுகொண்டே இருந்தான்.