சுழலாத கூம்பு

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி மாரியம்மன் கோயில் முற்றத்துக்குள் பின்பக்கமாக நுழைந்தபோது காலனியில் பாதிப் பேர் அங்கே கூடியிருந்தார்கள். ஜிஷா மட்டும் மதிலோரம் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நிற்கத் தெம்பில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நின்ற களைப்பு ஒரு பக்கம். கொச்சியில் தோப்பும்படிப் பகுதியில் வேலை பார்க்கும் பட்டறையில் வாரக்கணக்கில் லேத்துக்குப் பக்கத்திலேயே நின்றது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து இடுப்பில் இறங்கியிருந்தன.

அவள் மெக்கானிகல் டிப்ளமா படித்தவள். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்குத் துளை குடையும் முனையான பிட் செய்துகொடுக்கும் வெங்கிடேஸ்வரனின் பட்டறையில் டிசைன் வரைவது அவள் வேலை. வண்டியின் பக்கவாட்டில் சாக்கு சுற்றிக் கிடந்த பிட் அவள் வரைந்தது. தன் வீட்டு வாசலிலேயே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பார்ப்பதற்கு அது மூன்று பம்பரங்கள் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். மூன்று இரும்புக் கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் பல் வைத்த ஒரு கூம்பு. மேலே பிட்டோடு பூட்டிய நீளக் குழாயான ராடு சுற்றும்போது கீழே கூம்புகள் தரையில் உருண்டு மண்ணைப் பெயர்க்கும். பெயர்ந்த மண்ணை, ராடு வழியாக உள்ளே செலுத்தும் குழம்புத் தண்ணீர் மேலே கொண்டுவந்துவிடும். பாறைக்கும் மணலுக்கும் இது போதும். ஆனால் மேற்குக் கொச்சியின் கறுப்புக் களிமண் வேறு சாதி. பல்லிடுக்கில் அப்பிக்கொண்டால் போகாது. கொஞ்ச நேரத்தில் கூம்பு வெறும் மண்ணுருண்டையாகிவிடும். பிட் சுற்றும், துளை இறங்காது. இதே காலனியில் முன்பு போட்ட ஒரு துளை அப்படித்தான் பாதியில் நின்றது.

ஜிஷா பற்களை நீளமாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, தள்ளித் தள்ளி வைத்தாள். ஒரு கூம்பின் பல்வரிசை அடுத்த கூம்பின் இடுக்கில் புகுந்து அங்கே ஒட்டியிருக்கும் களியை வழித்துக்கொண்டு வரும்படி அமைத்தாள். கூம்புகளின் அச்சை நடுவிலிருந்து சற்று விலக்கினாள்; அப்போதுதான் அவை உருளுவதோடு மண்ணைச் சுரண்டவும் செய்யும். தண்ணீர் பீறிடும் வாயைப் பல்லின் மேலேயே திருப்பிவிட்டாள்.

இதற்கெல்லாம் இடம் வேண்டும். துளையின் அகலம் மாறாது. பல்லுக்குக் கொடுத்த இடம் கூம்புக்குள் இருக்கும் பேரிங்கில்தான் குறைந்தது. மணல் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் சீலும் மெலிந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியும். வெங்கிடேஸ்வரனிடமும் சொல்லியிருந்தாள்.

"களிக்கு மட்டும்தான் சார். கெட்டித் தரை வந்தா வெளியில எடுத்துரணும்."

"ரிக்காரன்கிட்ட அதைப் பறஞ்சு வை" என்றார் அவர்.

ரிக்கை இயக்குபவன் பேச்சி, தென்காசிப் பக்கத்துக்காரன். அவனிடமும் சொன்னாள். அவன் சாக்கைப் பிரித்துப் பல்லைத் தடவிப் பார்த்து, "சரி தங்கச்சி, நீ பக்கத்துலயே இரு. சத்தம் மாறிச்சுன்னா சொல்லு" என்றான்.

இந்தக் கிணறு வந்ததே ஜிஷாவின் கணவன் பினுவால்தான். பினு கார்ப்பரேஷன் குப்பை வண்டி ஓட்டுகிறவன். காலனிச் சங்கத்தின் செயலாளர். வேலை முடிந்து யூனிஃபாரத்தோடேயே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினான். குழாயில் வரும் தண்ணீர் நூலாகி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாகி, கடைசியில் எப்போது வரும் என்றே தெரியாமல் போன கோடையில், 'இங்க கிணறு குத்தாம நான் அடங்கமாட்டேன்' என்று கூட்டத்தில் சொல்லிவிட்டான். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கியதை ஜிஷா பார்க்கவில்லை. ரிக்கும் சுலபத்தில் கிடைக்கவில்லை. சேர்த்தலையில் ஒப்புக்கொண்ட வேலைக்கு நடுவில், முதலாளியிடம் பேசி, பேச்சி இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

முதல் நாள் பிட் களியில் இறங்கியதைப் பார்த்து பேச்சியே வாயைப் பிளந்தான். ராடு மேல் ராடாகப் போய்க்கொண்டே இருந்தது. கறுப்புக் குழம்பு கட்டியில்லாமல் கொழகொழவென்று மேலே வந்தது. நின்றிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். பினுவின் அம்மா ராக்கம்மாள் எல்லோருக்கும் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். தெருக்கூட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள்; யாரையும் லேசில் பாராட்டமாட்டாள்.

"உன் சாதனம் கொள்ளாமே புள்ளே, நல்லாருக்கு" என்று ஒரு கிளாசை ஜிஷாவின் கையில் வைத்தாள்.

பினு அவளைத் தாண்டிப் போகும்போது தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மதியத்துக்குச் சற்று முன்னால் குழம்பின் நிறம் மாறியது. கறுப்பு வெளுத்துப் பழுப்பானது. பேச்சி சல்லடையில் அள்ளிக் காட்டினான். சிப்பித் துண்டுகளும், அவற்றோடு நகக்கண் அளவுக்கு உடைந்த செங்கல்நிறக் கல்லும் இருந்தன. களி முடிந்துவிட்டது. கீழே கெட்டித் தரை. அதைத் தாண்டினால் மணல். மணலில் தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு.

ஜிஷா எழுந்து ரிக்கின் அருகே போனாள். இன்ஜின் ஒரே சீராக ஓடவில்லை. முக்கியது, தளர்ந்தது, மறுபடி முக்கியது. ராடு விட்டுவிட்டுக் குதித்தது. கல்லில் பல் கடிக்கிறபோது வரும் அதிர்வு சீராக இருக்கும். இது அப்படி இல்லை. எதுவோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல் இருந்தது.

"அண்ணா, நிறுத்துங்க. பிட்டை மேல எடுக்கணும்."

பேச்சி லீவரைத் தளர்த்தினான். அதற்குள் பினு வந்துவிட்டான்.

"எந்தா? ஏன் நிறுத்திட்டீங்க?"

"கெட்டித் தரை வந்திருச்சு சேட்டா. ஒரு கூம்பு இறுகுதுன்னு தோணுது. எடுத்துப் பாக்கணும்."

"எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

பேச்சிதான் பதில் சொன்னான். "அத்தனை ராடையும் கழட்டணும்லா. சாயங்காலம் ஆயிரும். எடுத்தா, களியிருக்கற ஆழத்துக்குக் குழாய் இறக்கியே ஆகணும். இல்லைன்னா ராத்திரிக்குள்ள களி ஊதித் துளை மூடிக்கிடும். காலையில நான் சேர்த்தலையில நிக்கணும். அதை மாத்த முடியாது."

"அப்ப இன்னிக்கு தண்ணி கிட்டாது."

"கிட்டாது."

பினு ஜிஷாவைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "இன்னும் ஒரு மூணு நாலு ராடு இறங்கினா மணல் வந்துரும்னு பேச்சியே பறஞ்சாரு. அது வரைக்கும் தாங்காதா?"

"தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"நீ செய்ததுதானே? நீ செய்த சாதனத்துல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அவன் சத்தமாகத்தான் கேட்டான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜிஷாவுக்கு முகம் சுட்டது. தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேச்சி லீவரை அழுத்துவான், எல்லோரும் மறுபடி சிரிப்பார்கள், ஒருவேளை மணலும் வந்துவிடும். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"நான் செய்ததுனாலதான் சொல்றேன்" என்றாள். "கூம்பு கழண்டு அடியில விழுந்தா அதை எடுக்க முடியாது. அதுக்கு மேல எந்த பிட்டும் இறங்காது. துளையே போயிரும் சேட்டா. அண்ணா, எடுங்க."

பேச்சி பினுவின் முகத்தைப் பார்க்காமல் லீவரைத் திருப்பினான். ராடுகள் ஒவ்வொன்றாக மேலே வரத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆட்கள் கலைந்தார்கள். "பெண்டாட்டியே கிணத்தை நிறுத்திட்டா" என்று யாரோ சொன்னது ஜிஷாவின் காதில் விழுந்தது. சொன்னவளைத் திரும்பிப் பார்க்கும் தெம்புகூட இல்லை.

பிட் மேலே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹோஸால் கழுவியதும் பற்கள் பளபளத்தன. ஒன்றுகூட உடையவில்லை.

"ஒரு கேடும் இல்லையே" என்றான் பினு. குரலில் கோபம்கூட இல்லை.

ஜிஷா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் கூம்பை உள்ளங்கையால் தள்ளினாள், உருண்டது. இரண்டாவதும் உருண்டது. மூன்றாவது நகரவில்லை. பேச்சி ஒரு கம்பியைப் பல்லிடுக்கில் கொடுத்து நெம்பினான். கூம்பு சுழலவில்லை, அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. விளிம்பிலிருந்து கறுப்பு கிரீஸும் மணலும் கசிந்தன. ஓரப் பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

"இன்னும் ஒரு ராடு போயிருந்தா இது அடியிலதான் கெடக்கும்" என்றான் பேச்சி.

பினு அதைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டிய மணலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"சரி. நீ பறஞ்சது சரிதான். ஆனா வண்டி நாளைக்குப் போயிரும் ஜிஷா. இவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

ஜிஷா எழுந்து, துளைக்குள் குழாய் இறக்கும் வேலையில் பேச்சிக்கு ஒத்தாசையாகப் போய் நின்றாள்.

விடிந்ததும் வண்டி கிளம்பிப் போயிற்று. கோயில் முற்றத்தில் மூடி போட்ட ஒரு குழாயும், காய்ந்து வெடித்த கறுப்புச் சேறும் மிஞ்சின. டேங்கர் வரிசையில் ஜிஷா வந்து நின்றால் முன்னால் இருப்பவள் குடத்தைச் சற்று நகர்த்தி வைத்துக்கொள்வாள், பேசமாட்டாள். சண்டை பிடித்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். யாரும் சண்டைக்கும் வரவில்லை. வீட்டில் பினு வந்தான், சாப்பிட்டான், படுத்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

ஒருநாள் ராக்கம்மாள்தான் அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவனுக்கு உன்மேல தேஷ்யம், கோவம் ஒண்ணும் இல்ல புள்ளே. எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துட்டான். அந்த மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியல. அதை உங்கிட்ட கொண்டுவந்து காட்டறான்."

"எனக்கும் வயசாவுது அத்தை. எத்தனையைத் தாங்கறது?"

"தாங்க வேண்டாம். அவங்கிட்டயே பறை" என்றாள் ராக்கம்மாள். ஜிஷா பறையவில்லை.

பட்டறையில் பிட்டை அறுத்துத் திறந்தார்கள். மெலிந்த சீல் கிழிந்து, மணல் உள்ளே புகுந்து, பேரிங் உருளைகளை அரைத்துவிட்டிருந்தது. வெங்கிடேஸ்வரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஜிஷா, நான் குத்தம் சொல்லலை. ஆனா இது மதி, இதோட விட்டுடலாம். பழைய டிசைனே போறும். அதுக்காவது ஆள் வரான்."

"களியில இது இறங்கினதை பேச்சி அண்ணன்கிட்ட கேளுங்க சார். பழசு அங்க இறங்கவே இல்ல."

"இறங்கித்து. அப்பறம் நின்னுடுத்தே."

"பல்லைக் கொஞ்சம் குறைக்கறேன். அந்த இடத்தை சீலுக்குக் கொடுக்கறேன். இவ்வளவு வேகமா இறங்காது. ஆனா நிக்காது."

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "வரைஞ்சு காட்டு. செய்யறதா வேண்டாமான்னு அப்பறம் பாக்கலாம்" என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப்போட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். தான் ஆசைப்பட்டு நீட்டிய பல்லைத் தானே குறைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு முறை குறைத்துவிட்டுப் பழையபடியே ஆக்கினாள். மூன்றாம் முறை குறைத்தபடி விட்டாள்.

ஓணம் கழிந்து பேச்சி வந்தான். இம்முறை குழாய்க்குள் நுழையும் அளவில் சிறிய பிட், பல்லுக்குப் பதில் கல்லை உடைக்கும் கார்பைடு குமிழ்கள் பதித்தது. வெங்கிடேஸ்வரனின் பட்டறையில் எப்போதும் செய்வதுதான். துளை அப்படியே காத்திருந்தது. கெட்டித் தரையை அது மெதுவாக, சத்தத்தோடு, ஆனால் நிற்காமல் உடைத்துக்கொண்டு போனது. மணல் வந்தது. உள்குழாய் இறக்கி, சல்லிக்கல் போட்டு, கம்ப்ரஸரை ஓட்டியபோது முதலில் சேறும், பிறகு கலங்கலும், பிறகு தெளிந்த தண்ணீரும் பீறிட்டன. ஆட்கள் நனைந்துகொண்டே கத்தினார்கள். பினுவை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

ராக்கம்மாள் கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "லேசா உப்பு" என்றாள்.

சோதனைக்குக் கொடுத்த இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, கக்கூசுக்கு எல்லாம் சரி. குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். டேங்கர் வருவது நிற்கவில்லை. ஆனால் வரிசை பாதியானது. ஆளுக்கு ஒரு குடம் போதும் என்றாயிற்று. பெண்கள் ஜிஷாவிடம் பேசத் தொடங்கினார்கள். நடுவில் எதுவும் நடக்காதது போலவே பேசினார்கள். அவளும் அப்படியே பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் கொல்லையில் பினுவின் யூனிஃபாரத்தைத் துவைத்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. எத்தனை கசக்கினாலும் வழவழப்பு வரவில்லை. பினு பின்வாசலில் வந்து நின்றான்.

"பேச்சி விளிச்சாரு. வைப்பின் தீவுல ஒரு வேலை இருக்காம். முழுக்கக் களி. உன் பிட் ரெடியான்னு கேட்டாரு."

"சார் இன்னும் சரின்னு சொல்லல."

"நான் வேணா அவருகிட்ட வந்து பேசட்டா?"

"வேண்டாம். நானே பேசிக்கறேன்."

அவன் உள்ளே போகத் திரும்பினான். பிறகு, "அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னால நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றான்.

"கேட்டிருக்கக்கூடாதுதான்" என்றாள் அவள். வேறு சமயமாக இருந்தால் நிறையச் சொல்லியிருப்பாள். இப்போது அவ்வளவுதான் வந்தது.

பினு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தான். அவள் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கல்லில் வைத்து அடிக்கத் தொடங்கினான். ஜிஷா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அங்கேயே படியில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.