மரியாதைக்கு ஆங்கிலம்

லீஸ்பெத்துக்கு ஆங்கிலம் வராது. பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவளுக்கு ஆங்கிலம் வராவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஹாலந்தில் அப்படிக் கேட்க முடியாது. ஆங்கிலம் வராது என்பதும் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதும் எங்களுக்கு ஒன்றுதான். அதனால் ஸுட்ஃபென் நகரப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆசிரியர் அறையில் யாராவது ஆங்கிலத்தில் ஜோக் அடித்தால், மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்பாள்.

ஆனால் இந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் பேசியே ஆக வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து மேல் வகுப்புகளில் சரித்திரம், இயற்பியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்துவது, அதற்கான நேரத்தைப் பிரெஞ்சிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் வெட்டுவது என்று தலைமை ஆசிரியர் கெர்பென் திட்டம் போட்டிருந்தார். ஆசிரியர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். திட்டம் ஜெயித்தால் லீஸ்பெத்தின் வேலை போய்விடும். ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் டச்சில் சண்டை போட்டுப் பழகியிருந்தாள். கோபம் நன்றாகவே வந்தது.

மாடிப்படியில் ஆங்கில ஆசிரியன் யோஸ்ட் சேர்ந்துகொண்டான். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்கு வந்தவர்கள்.

"நீ யார் பக்கம்டா? உன் பாஷைதானே ஜெயிக்கப்போகுது, உனக்கென்ன குறைச்சல்?"

"ஜெயிக்குதா? அட போடி. பசங்க பாதிப் பேர் என் கிளாஸ்ல தூங்கறாங்க. கேம் ஆடியே கத்துக்கிட்டோம், நீங்க எதுக்கு சார்ங்கறாங்க. ஒரு கதையக் குடுத்துப் படிங்கடான்னா, ஏதோ அபராதம் போட்ட மாதிரி பாக்கறாங்க."

"அப்ப எனக்காகக் கை தூக்குவ?"

"முதல்ல பேசு. கேட்டுட்டுச் சொல்றேன்."

காபி வந்தது. பிஸ்கட் டப்பா ஆளுக்கு ஒன்றாக ஒரு சுற்று வந்ததும் மூடிக்கொண்டது; எங்கள் ஊரில் இரண்டாவது பிஸ்கட் என்ற பேச்சே கிடையாது. மேசைக் கோடியில் புது ஓவிய ஆசிரியை இல்டிகோ உட்கார்ந்திருந்தாள். ஹங்கேரிக்காரி. அவளைப் பார்த்ததும் கெர்பென் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. அறை நிறைய டச்சுக்காரர்கள் இருந்தாலும் வெளியூர்க்காரி ஒருத்தி இருந்தால் போதும், மொத்தப் பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். மரியாதையாம். உனக்கு அது வேண்டுமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்பது மட்டும் அந்த மரியாதையில் சேராது.

கெர்பென் உலகம், எதிர்காலம், போட்டி என்று வெகுநேரம் பேசிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதோ சொல்லணும்னீங்களே?"

எழுந்தாள். "நான் இதுக்கு எதிர்ப்பு," என்றாள் ஆங்கிலத்தில். அவ்வளவுதான். பழகிவைத்த கோபமெல்லாம் டச்சில் இருந்தது. யோஸ்ட் தன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இங்கிலீஷ் வராது," என்றாள் டச்சில். காது மடல் சுட்டது. "வரவே வராது. இத்தன வருஷமா நீங்க சிரிச்சா நானும் சேந்து சிரிச்சேன், அவ்வளவுதான். வேணும்னா இப்ப என்னப் பாத்துச் சிரிச்சுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேசைக் கோடியிலிருந்து மட்டும், "அப்பாடா!" என்று ஒரு குரல் வந்தது. இல்டிகோவின் குரல். டச்சு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"நான் தினமும்... சாயங்காலம்... டச்சு கிளாஸ் போறேன். ரொட்டிக் கடையில டச்சுல கேட்டா இங்கிலீஷ்ல பதில். டாக்டர்கிட்டயும் இங்கிலீஷ். இங்கயும் அதேதான். என் இங்கிலீஷும்... அரைகுறை. இந்தக் கூட்டத்துல எனக்கு ஒண்ணும் புரியறதில்ல. ஆனா எனக்காகத்தான பேசறீங்க? எப்படி வேணாங்கறது?"

உடற்பயிற்சி ஆசிரியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "எனக்கும் புரியலம்மா! சும்மா தலைய ஆட்டிக்கிட்டு இருந்தேன்!"

கெர்பென் முகம் சிவந்தது. "அப்ப நான் இவ்வளவு நேரம் பேசினது?"

"எனக்குப் புரிஞ்சுது," என்றான் யோஸ்ட். "ஆனா கெர்பென், மனசுல வச்சுக்காதீங்க, அத நான் திருத்தினா பேனா மை தீந்துடும். நம்ம இங்கிலீஷே இந்த லட்சணம். இதுல சரித்திரத்த வேற நடத்தணுமா?"

சிரிப்பு அடங்கியதும் லீஸ்பெத் டச்சிலேயே பேசினாள். வீட்டில் பழகிய கோபம் இப்போது தேவைப்படவில்லை.

"இங்கிலீஷ் வேணாம்னு சொல்லல. நான் சொன்னா நிக்கவா போகுது? போன வசந்தத்துல பசங்கள பிரான்ஸுக்கு, லியோனுக்குக் கூட்டிட்டுப் போனேன். தங்கின வீட்டுக்காரம்மா சாப்பாட்டு மேசையிலயே அழுதுட்டாங்க. பசங்க எல்லாரும் இங்கிலீஷ்ல 'சாரி'ன்னாங்க. ஒருத்தி மட்டும் தப்புந்தவறுமா பிரெஞ்சுல என்னாச்சுன்னு கேட்டா. அந்தம்மா அவகிட்ட மட்டும்தான் சொன்னாங்க. அவ அந்தப் பிரெஞ்சக் கத்துக்கிட்ட கிளாஸத்தான் இப்ப வெட்டப்போறீங்க."

கை தூக்கினார்கள். திட்டம் தோற்றது. அதற்கு எதிராக முதலில் எழுந்தது யோஸ்டின் கை. கெர்பென் பெருமூச்சு விட்டு, பிஸ்கட் டப்பாவை இரண்டாம் முறை திறந்தார். எங்கள் ஊரில் அது லேசுப்பட்ட காரியமில்லை. லீஸ்பெத் ஒன்றை எடுத்துக் கடித்தாள். வேலை தப்பியதைவிட, இனிமேல் புரியாத ஜோக்குக்குச் சிரிக்க வேண்டாம் என்பதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வெளியே நல்ல மழை. லீஸ்பெத் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது இல்டிகோ ஓடி வந்தாள்.

"லீஸ்பெத், நான் என்... என்..." தோளைத் தொட்டாள், தலையைத் தொட்டாள். வார்த்தை வரவில்லை.

கூட்டத்தில் கைவிட்ட ஆங்கிலம், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இப்போது லீஸ்பெத்தின் நாக்கு நுனியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுக்க வாயைக்கூடத் திறந்துவிட்டாள். உடனே மூடிக்கொண்டாள். கழுத்துவழியாக மழைத்தண்ணீர் முதுகில் இறங்கியது. சைக்கிளைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"மழைக்கோட்டு!" என்று டச்சில் கத்தினாள் இல்டிகோ. "மழைக்கோட்ட உள்ளயே விட்டுட்டேன்!"

"போய் எடுத்துட்டு வா. நான் நிக்கறேன்," என்றாள் லீஸ்பெத், தொப்பலாக நனைந்தபடி.