வில்லியனூர் கிராசிங்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். பாண்டியிலிருந்து விழுப்புரம் போகிற காலை ரயிலில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு வைத்தார்களே, அந்தக் கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் முடிகிறவரை உங்களை ஒரு இடத்தில் நிலையாக உட்கார விடாது.

பெண்ணின் பெயர் தேவி. பிறந்தது ஏம்பலம், வாழ்க்கைப்பட்டது அரியாங்குப்பம். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. புருஷன் அன்புராஜ் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து பாண்டி ஸ்டேஷனில் இறக்கிவிடுவான். ஏழாம் மாதம் பிறந்த பிறகு மேடு பள்ளம் பார்த்து, மாட்டு வண்டி மாதிரி ஓட்டினான்.

இந்த அன்புராஜைக் கட்டிக்கொண்டதில்தான் தேவிக்கும் அவள் தாய் காசம்மாளுக்கும் பேச்சு நின்றது. காசம்மாள் தன் தம்பி மகனுக்குப் பெண் தருவதாக ஊரறியச் சொல்லிவைத்திருந்தாள். தேவியோ ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, ரெஜிஸ்டர் ஆபீசில் மாலையும் கழுத்துமாக நின்றாள். மறுநாளே காசம்மாள் அரியாங்குப்பத்துக்கு பஸ் ஏறி வந்தாள். உள்ளே போகவில்லை. தெருவில் நின்றபடி, "இந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். என் வூட்டு வாசப்படிய நீயும் மிதிக்காத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அதோடு இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போனில்கூடப் பேச்சு கிடையாது.

வளைகாப்பு என்றால் முதல் வளையலைத் தாய்தான் போடவேண்டும். அன்புராஜுக்குத் தாய் இல்லை. யார் போட்டால் என்ன, போடாவிட்டால்தான் என்ன என்று தேவி வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், வெறும் மணிக்கட்டை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருப்பாள். எதிரில் உட்காருகிற ஸ்டெல்லா டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லாவுக்கும் பிறந்த ஊர் ஏம்பலம். விழுப்புரத்தில் பள்ளிக்கூட உத்தியோகம், பதினெட்டு வருஷமாக அதே வண்டி, அதே மூன்றாவது பெட்டி. சீசன் டிக்கெட் எடுத்துப் போகிற பெண்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியில் அவள்தான் தலைவி. ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டுவதிலிருந்து பிறந்தநாள் கேக் வெட்டுவது வரை அவள் சொன்னபடிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஏம்பலம் போனாள். காசம்மாள் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா வரப்பில் நின்றே விஷயத்தைச் சொன்னாள்.

"அவ வூட்டுக்கு நீ வர வாணாங்கா. ஒன் வூட்டுக்கு அவ வர வாணாம். ரயிலு யாரு வூடும் இல்ல இல்ல? வர்ற வெள்ளிக்கிழமை வில்லியனூர்ல ஏறு. விழுப்புரம் போறதுக்குள்ள வளையல போட்டுட்டு எறங்கிடு."

காசம்மாள் முழுசாக ஒரு சால் கரும்பை உரித்து முடித்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, "வில்லியனூர்ல எத்தினி நேரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

காசம்மாள் அதுவரை ரயில் ஏறினவள் இல்லை. அதனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முதல் பஸ்ஸில் வில்லியனூர் ஸ்டேஷனுக்கு வந்து, தண்ணீர்க் குழாய் அருகில் மறைவாக நின்று பார்த்தாள். விழுப்புரம் வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது, மூன்றாவது பெட்டி எங்கே நிற்கிறது, எத்தனை படி ஏறவேண்டும், எல்லாம் மனசில் வாங்கிக்கொண்டாள். மூன்று நாளும் விழுப்புரம் வண்டி டிக்கெட் கொடுக்கிற பக்கத்துப் பிளாட்பாரத்துக்குத்தான் வந்தது. அந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே விழுப்புரத்திலிருந்து பாண்டி போகிற வண்டி வில்லியனூரில் வந்து, இதைத் தாண்டவிட்டுத்தான் போகவேண்டும். அந்த எதிர் வண்டி தினமும் அப்பாலிருக்கிற பிளாட்பாரத்தில் நின்றது. வியாழக்கிழமை தேவி ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். காசம்மாள் கூப்பிடவில்லை. வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டியில் புளிசோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்சோறு என்று தூக்குகள் அடுக்கியிருந்தன. தட்டில் சந்தனம், குங்குமம், பூ. தேவி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். பாண்டியில் வண்டி கிளம்பியதிலிருந்து அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போவாள், காற்று அடிக்கிறது என்று திரும்புவாள், மறுபடி எழுந்திருப்பாள். கோர்ட்டில் டைப் அடிக்கிற மணிபாரதி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஏண்டி, வண்டிய நீயா தள்ளிகினு போற? அது தானா போவும், குந்து."

வில்லியனூருக்கு வெளியே சிக்னலில் வண்டி நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பக்கத்துப் பெட்டியில் சுப்பராயலு என்று ஒருவர் உண்டு. கோர்ட் குமாஸ்தா. எந்த ரயில் எங்கே எத்தனை நிமிஷம் தாமதம் என்று போனைப் பார்க்காமலே சொல்லுவார். அவர் நடுவாசலில் தலையை நீட்டி, இன்றைக்கு எதிர் வண்டியை முதலில் உள்ளே விட்டுவிட்டார்கள், அதனால்தான் நிற்கிறோம் என்றார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி உள்ளே போனது. அப்பால் பிளாட்பாரத்தில் போய் நின்றது. தேவி தாயைத் தேடி இந்தப் பக்க ஜன்னலில் பார்த்தால், டிக்கெட் கொடுக்கிற பிளாட்பாரமே தெரியவில்லை. அங்கே பாண்டி போகிற வண்டி மறைத்துக்கொண்டு நின்றது. அதன் மூன்றாவது பெட்டியில், நேர் எதிரே, மடியில் துணிப்பையோடு காசம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் பார்த்துவைத்த அதே பிளாட்பாரம், அதே பெட்டி. பாவம், அவள் தன் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தன் மகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று தேவி கூப்பிட்டாள்.

காசம்மாள் திரும்பினாள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஆள் உயர இடைவெளிதான். தேவி கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினாள், எட்டவில்லை. காசம்மாள் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிளாட்பாரம் இல்லாத பக்கத்து வாசலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துத் தண்டவாளத்துப் பக்கம் ஒரு காலை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய வண்டி ஹாரன் அடித்தது.

"எறங்காத. எறங்காதம்மா, அங்கியே நில்லு."

இரண்டு வருஷம் கழித்து மகள் தாய்க்குச் சொன்ன முதல் பேச்சு அதுதான், கண்ணுகளா. காசம்மாள் காலை மேலே இழுத்துக்கொண்டாள். வண்டி அவளைக் கொண்டுபோயிற்று.

ஸ்டெல்லா போன் போட்டாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது, மூன்றாம் தடவை காசம்மாள் எடுத்தாள். நான் சரியான இடத்தில்தான் ஏறினேன், மூன்று நாள் பார்த்துவைத்துத்தான் ஏறினேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கே இறங்குவது என்று கேட்டாள். அதற்குள் இவர்கள் வண்டியும் கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் பேசப் பேச இரண்டு வண்டியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருந்தன. சுப்பராயலு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்:

"பாண்டில எறங்க வாணாம்னு சொல்லுங்க டீச்சர். குந்தின எடத்துலியே குந்தினு இருக்கட்டும். அதே வண்டிதான் திரும்பி விழுப்புரம் வரும்."

ஸ்டெல்லா அப்படியே சொன்னாள். சக்கரச் சத்தத்துக்கு நடுவில் காசம்மாள், "அவ இன்னா சொல்றா?" என்றாள். ஸ்டெல்லா போனை தேவியிடம் நீட்டினாள். தேவி அதை வாங்கிக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று அவள் தேடுவதற்குள் போன் அணைந்துவிட்டது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

பெட்டியில் ஒருவருக்கும் முகம் சரியில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மாள், நல்ல நேரம் போய்விடும், டீச்சரும் ஏம்பலத்துப் பெண்தானே, தாய் இடத்திலிருந்து அவரே போடட்டும் என்றாள். நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஸ்டெல்லா வளையலைக் கையில் எடுத்துவிட்டு தேவியைப் பார்த்தாள். தேவி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வாணாம் டீச்சர். அம்மா அதுவே வந்து போடட்டும். வரலன்னா வெறுங்கையா இருந்துட்டுப் போறேன்."

அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை. புளிசோறு என்ன பாவம் செய்தது என்று மணிபாரதி கேட்க, எல்லாரும் சாப்பிட்டார்கள். தேவி மட்டும் ஒரு பிடிகூட வாயில் வைக்கவில்லை.

விழுப்புரத்தில் எல்லாருக்கும் வேலை இருந்தது. ஒவ்வொருவராக தேவியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டெல்லா அரைநாள் பர்மிஷன் சொல்லிவிட்டு இருந்துகொண்டாள். சுப்பராயலுவும் போவதாகச் சொன்னார், ஆனால் போகவில்லை. தூண் ஓரமாகப் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றார்.

தேவி நடந்தாள். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மறுபடி இங்கே. வீங்கின கால், செருப்பு வார் பதிந்திருந்தது. அவள் வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் வா என்றார்கள். ஒரு மணி நேரம், வேறு யாரையாவது ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். திருச்சி வண்டி வந்து போயிற்று. மெட்ராஸ் வண்டி வந்து போயிற்று.

அவள் பயமெல்லாம் வேறு. பாண்டியிலிருந்து திரும்புகிற வண்டி வில்லியனூரில் நிற்கும். வில்லியனூரில் இறங்கினால் ஏம்பலத்துக்கு பஸ் இருக்கிறது.

"அங்கியே எறங்கிப் பூடும் டீச்சர். எனக்குத் தெரியும் அத. பேசுன்னு நீங்க போன குடுத்தா, நான் வாய மூடினு இருந்தேன். அதுக்கு ரோஷம் ஜாஸ்தி."

"ஒனக்கு மட்டும் கம்மியாக்கும்" என்றாள் ஸ்டெல்லா.

ஒருவழியாக அந்த வண்டி வந்தது. மூன்றாவது பெட்டி நிற்கிற இடத்தில் தேவி முன்னாலேயே போய் நின்றாள். கூடைக்காரர்கள் இறங்கினார்கள், காலேஜ் பிள்ளைகள் இறங்கினார்கள், குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி இறங்கினாள். கூட்டம் கரைந்தது. காசம்மாள் இல்லை. தேவி கடைசிப் பெட்டி வரை ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பிளாட்பாரமே காலியாயிற்று. ஸ்டெல்லா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, வா, வெளியே போகலாம் என்று திருப்பினாள்.

தூண் ஓரத்திலிருந்து சுப்பராயலு கையைக் காட்டினார். மூன்றாவது பெட்டிக்குள், எதிர்ப்பக்கம், காலையில் உட்கார்ந்த அதே ஜன்னல் ஓரத்தில், மடியில் துணிப்பையோடு காசம்மாள் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் இறங்கின பிறகும் அசையவில்லை. குந்தின இடத்திலேயே குந்தியிருக்கச் சொன்னார்கள் அல்லவா?

தேவி கம்பியைப் பிடித்து மூச்சு வாங்க ஏறினாள். தாய் அண்ணாந்து பார்த்தாள்.

"எறங்கினா மறுபடி தப்பாயிடப் போவுதுன்னு குந்திகினு இருந்தேன்" என்றாள். "நீ வந்து ஏறுவன்னு."

தேவி பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். காசம்மாள் பையிலிருந்து வேப்ப ஈர்க்கில் வளைத்த காப்பை முதலில் எடுத்துப் போட்டாள். அடுத்து கண்ணாடி வளையல். அது கட்டைவிரல் மூட்டிலேயே நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கையை நினைத்து வாங்கிவந்த அளவு அது.

"இன்னாடி கை இப்டி வீங்கிக் கெடக்குது? உப்ப கொறைன்னு சொல்ல அங்க ஆளு இல்லியா?"

"இல்லம்மா" என்றாள் தேவி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காசம்மாள் தன் தலையை இரண்டு கையாலும் அழுத்தித் தடவி, அந்த எண்ணெய்க் கையால் மகளின் கையைப் பிசைந்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்பை நசுக்காமல், ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஒன்று உடைந்தது, அதை ஜன்னல் வழியே போட்டாள். மற்றதெல்லாம் ஏறிற்று. ஸ்டெல்லா சந்தனம் பூசினாள். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், இறங்குங்கள் என்று சுப்பராயலு வெளியிலிருந்து சொன்னார். இன்னும் இடது கை பாக்கி என்று காசம்மாள் சொல்லிவிட்டாள். அவர் போய் யாரிடமோ பேசி, இன்னும் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு வந்தார். வண்டி நின்றது.

வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போகவேண்டும், அதுதான் முறை. அதை யார் முதலில் சொல்வது? படியில் இறங்கும்போது காசம்மாள் மகளைப் பார்க்காமல், முன்னால் போகிற ஸ்டெல்லாவின் முதுகைப் பார்த்தபடி சொன்னாள்:

"சாயந்தரம் அந்தப் புள்ளய வில்லியனூருக்கு வரச் சொல்லு. மூணு பேருமா வூட்டுக்குப் போவலாம்."

அன்றைக்கு தேவி இரண்டு கையும் குலுங்கக் குலுங்க வேலைக்குப் போனாள். பசியோடு காத்திருந்தவர்கள்கூடத் திட்டவில்லையாம். காசம்மாள் அந்தப் பரிசோதனை நிலையத்து பெஞ்சியிலேயே பொழுது சாய்கிறவரை காத்திருந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினாள். வில்லியனூரில் அன்புராஜ் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். மாமியாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பையை வாங்கிக்கொண்டான். அவளும் கொடுத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் சுற்றி அலைந்தாவது உங்களிடம் வந்து சேரட்டும். உங்கள் பெண்டுகள் கை நிறைய வளையலும், உங்கள் உலை நிறைய அரிசியும், வாசல் நிறைய வருகிற சனமுமாக, குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.