நெபோய்ஷாவின் மூன்றாம் அத்தியாயம்

சட்டம், வரலாறு, தத்துவம் என்று யாரும் ஆசையாக வாங்காத கனமான புத்தகங்களைப் போடும் நீஷ் நகரத்துப் பதிப்பகம் ஒன்றில் கைப்பிரதி திருத்துவது என் வேலை. ஆய்வு நூல் என்றால் உள்ளே இரண்டு பேராசிரியர்களின் பெயர் மதிப்புரையாளர் என்று இருந்தாக வேண்டும். அந்த மதிப்புரையை எழுதுவது யார்? நூலை எழுதியவனேதான்! பெரியவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். வெறும் புகழ்ச்சியாக இருந்தால் நம்ப மாட்டார்களே என்று நடுவில் ஒரு சின்னக் குறையும் எழுதி வைப்பது வழக்கம்.

நெபோய்ஷா சட்டக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளன். துருக்கியர் ஆட்சி போன பிறகு கிராமத்து நில வழக்குகள் எப்படித் தீர்ந்தன என்பது அவன் நூல். வெள்ளிக்கிழமைக்குள் அது அச்சுக்குப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறொருவனுக்கு. ஒரு கையெழுத்து கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பேராசிரியர் வுகாஷினை எங்கள் அலுவலகத்துக்கே அழைத்து வந்தான்.

அந்த மனுஷர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர். அன்றைக்கென்று, காப்பி ஆறட்டும் என்று மதிப்புரையைப் படித்துத் தொலைத்தார்.

"மூணாவது அத்தியாயம் பலவீனம்னு போட்டிருக்கே. பலவீனம்னா எதுக்குய்யா அச்சடிக்கிறே? இதுல என் பேரு வேறயா?"

"சார், அது சும்மா வழக்கத்துக்கு..."

"வழக்கத்துக்கு உன்னையே நீ திட்டிக்குவியா? போய்யா!" தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அந்த வரியை அடிச்சிட்டு வேற தட்டித் தரேன். வரைபடம் போதாதுன்னு போடுவோம். நாளைக்கு வீட்டுக்கே போய் நீட்டு, போட்டுடுவார்."

அவன் அசையவில்லை. "அக்கா, இதை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான். மூணாவது அத்தியாயம் நிஜமாவே பலவீனமா?"

எனக்கு மழுப்பத் தெரியாது. "ஆமா. ரெண்டே தீர்ப்பை வச்சுக்கிட்டு ஒரு மாவட்டத்தையே எடை போட்டிருக்கே. லெஸ்கோவாட்ஸ் கோர்ட்ல பழைய வழக்குக் கட்டு மலையாக் கிடக்கு. நீ அந்தப் பக்கமே போகல."

"பிள்ளை பிறந்த நேரம்க்கா. போக முடியல." கைப்பிரதியை வாரி எடுத்துக்கொண்டான்.

"அடக் கிறுக்கா! முதல்ல வேலையை வாங்கு. ரெண்டாம் பதிப்புல திருத்திக்கலாம்!" என்று கத்தினேன்.

"இந்த மாதிரி புத்தகத்துக்கு ரெண்டாம் பதிப்பு எப்பக்கா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினான்.

வேலை வேறொருவனுக்குப் போனது. நெபோய்ஷா தினமும் லெஸ்கோவாட்ஸ் பேருந்து ஏறிப் போய்ப் பழைய கட்டுகளைப் புரட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஒருநாள் அவன் மனைவி யாஸ்னா தொலைபேசியில் வந்தாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"அவன்தானேம்மா கேட்டான்."

"கேட்டா சொல்லிடுவீங்களா? கைப்பிள்ளையோட நிக்கிறேன்க்கா."

அவள் அழுதாள், போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.