ஸ்டேட்டஸில் ஒரு ஜப்பான் சிப்பாய்

நாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். "ஞாயித்துக்கிழமை லீவுதானே உடையப்பா, சும்மா வந்து நில்லு, சாப்பாடு உண்டு" என்றார் துபாய் தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கும் மீராசா பாய். அதை நம்பி லேபர் கேம்ப்பிலிருந்து நாலைந்து பேர் பஸ் ஏறினோம். இறக்கிவிட்டது ராசல்கைமா பக்கம் ஒரு பேரீச்சந்தோப்பில். உள்ளே ஓலைக் குடிசைகள், கோழிகள், ஒரு எருமை. எருமைக்கு எங்கே போனார்களோ தெரியாது. ஆளுக்கொரு காக்கிச் சட்டையும் மரத்துப்பாக்கியும் கொடுத்தார்கள்.

"பாய், இது என்ன ஊரு?"

"பிலிப்பைன்ஸ் கிராமம்ப்பா. துபாய் சத்வா ஏரியா பிலிப்பினோக்கள் சேர்ந்து படம் எடுக்கிறாங்க. அந்தக் காலத்துச் சண்டை. நீங்க ஊரைப் பிடிக்க வந்த ஜப்பான் பட்டாளம்."

என் மூஞ்சி அசல் சிவகங்கை மூஞ்சி. அதைச் சொன்னதற்கு, தொப்பியை என் மூக்குவரை இழுத்துவிட்டு, "தூரத்துல நில்லு, யாருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

தூரத்தில் எங்கே நிற்க விட்டார்கள்? ஒரு பெண் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பானையை நான் உதைக்க வேண்டுமாம். மெல்லத் தட்டினேன். டைரக்டர், "ஆங்ரி, ஆங்ரி" என்று கத்தினான். யார் மேல் கோபப்படுவது? அந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள்? மூன்றாம் தடவை டைரக்டரை நினைத்துக்கொண்டு உதைத்தேன். சோறு மண்ணில் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இடைவேளையில், சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சட்டையில் கம்பீரமாகத்தான் இருந்தேன். துப்பாக்கியோடு ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். உடனே ஊரிலிருந்து என் பெண்டாட்டி சரசு கூப்பிட்டாள்.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அவள் தம்பி கார்மேகம் ஹெல்பர் வேலை என்று ஏஜென்ட் பேச்சை நம்பி வேறொரு நாட்டுக்குப் போனவன். அவனும் இப்படித்தான் பட்டாளத்துச் சட்டையில் படம் போட்டான். அதற்கப்புறம் அவன் போன் எடுக்கவே இல்லை; நிஜச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"எங்க இருக்கீங்க?"

"சினிமாவுல நடிக்கிறேன் சரசு. ஷூட்டிங்."

"வீடியோவுல வாங்க."

வந்தேன். என் கெட்ட நேரம், பின்னால் ஒரு குடிசை புகைந்துகொண்டிருந்தது. சோறு பொங்கிய பெண்ணைக் கூப்பிட்டு, "சிஸ்டர், மை வைஃப், நீயே சொல்லு" என்றேன். நல்ல மனுஷி, "சினிமா மேடம், நோ பிராப்ளம்" என்று சிரித்தாள். நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்புச் சாயம் வழிந்தது. சரசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது சாயம் சரசு. துப்பாக்கிகூட மரம், பாரு." தட்டிக் காட்டினேன்.

"தம்பியும் சிரிச்சுக்கிட்டேதான் காட்டுனான். சும்மா டிரெயினிங்க்கா, பயப்படாதேன்னான்."

மீராசா பாய் பக்கத்தில் இல்லை. டைரக்டர் பேசுவது எனக்குப் புரியவில்லை. இது சினிமாதான் என்று என்னிடம் சொன்னது யார்? எல்லாம் அடுத்தவன் சொல்லித் தெரிந்ததுதானே. என்னடா இது, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அந்தச் சட்டையக் கழட்டுங்க" என்றாள்.

கழட்டினேன்.

"ரோட்டுக்கு வாங்க. ரோட்டை எனக்குக் காட்டுங்க."

"சோல்ஜர், ஹே சோல்ஜர்" என்று பின்னால் கத்தினார்கள். அடுத்த ஷாட்டுக்கு எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள் போல. போங்கடா என்று துப்பாக்கியை ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு, வெறும் பனியனோடு தோப்பைத் தாண்டி நடந்தேன். சரசு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். தார் ரோடு வந்தது. ஒரு தண்ணீர் லாரி போனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"பாத்தியா, வந்துட்டேன். இப்ப சரிதானே?"

தம்பி விஷயம் தெரிந்த நாளிலிருந்து கல்லாக இருந்தவள், அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"கழட்டிப் போட்டுட்டு நடடான்னு அவன்கிட்ட நான் சொல்லலயேங்க. சட்டை நல்லா இருக்குடான்னுதான் சொன்னேன்."