அட்டை வரைக்கும் படித்தவள்

வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டில் பேராசிரியர் மாத்ருபூதத்தின் கையெழுத்து விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் ரெங்கநாயகிக்கு இன்னும் ஒரு வருஷம். ஏற்கெனவே இரண்டு வருஷம் போய், 1966லும் பாதி கரைந்துவிட்டது.

சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகங்களின் அட்டைத் தமிழ்தான் அவள் ஆராய்ச்சி. ‘கைக்குட்டை இரண்டு கொண்டு வருக!’ ‘மாமியார்களுக்கு அனுமதி உண்டு!’ இப்படி அறுபது புத்தகம் சேர்த்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் கேட்பவர்களிடம் “ஏதோ மொழியியல்” என்று சொல்லி நகர்ந்துவிடுவாள்.

மாத்ருபூதம் காபி கேட்டாலே எதிரில் மைக் இருப்பது போலிருக்கும். திங்கட்கிழமை காலை முழங்கினார். “அம்மையீர்! தெருவில் விற்ற தாள் சான்றாகாது. பல்கலைக்கழக நூலகத்தின் எண் தாங்கியதே சான்று!”

பல்கலைக்கழகத்தின் திருச்சிக் கிளை நூலகத்துக்கு ஓடினாள். நூலகர் சவரிராஜ் புத்தகங்களை விரலால் தள்ளிப் பார்த்தார்.

“எட்டுப் பக்கத்துக்கெல்லாம் நம்பர் கிடையாதுங்க. மொத்தமா பைண்ட் பண்ணிக் கொண்டாங்க. நம்பர் என்ன, பொட்டே வெச்சுத் தரேன்.”

காந்தி மார்க்கெட் பக்கம் பைண்டிங் கடை வைத்திருந்த ரசூலிடம் அன்றே கொடுத்தாள். செவ்வாய் முழுதும் தான் வேலை பார்க்கும் கல்லூரியில் பாடம் நடத்தினாள். எந்தப் பாடம் என்பது மாணவிகளுக்கும் தெரியவில்லை. புதன்கிழமை போனபோது நாலு கெட்டி வால்யூம் தயாராக இருந்தது. பிரித்தாள். பாட்டு இருந்தது. ஓர் அட்டைகூட இல்லை.

“அட்டையெல்லாம் எங்கே பாய்?”

“கிழிச்சுட்டேம்மா. யூனிவர்சிட்டிக்குப் போற கிதாபு. அதுல நாட்டியக்காரி படமெல்லாம் இருந்தா உங்க மரியாதை என்னாவறது? அதுக்குத் தனியாக் கூலி வேணாம்.”

ரெங்கநாயகி வால்யூமை மேஜைமேல் வைத்தாள்.

“கிழிச்சதை என்ன செஞ்சீங்க?”

“வீணாக்குவேனா? லைப்ரரிலேர்ந்து பத்து புஸ்தகம் வந்திருந்துச்சு. எல்லாம் ஒரே புஸ்தகம். அதோட அட்டைக்குள்ள, முன்னால மூணு, பின்னால மூணுன்னு வெச்சு ஒட்டிட்டேன். நூறு வருஷம் அசையாது. நேத்தே போயிடுச்சு.”

“எந்தப் புஸ்தகம்?”

“‘தூய தமிழ் முழக்கம்.’ உங்க புரொபசர் ஐயா எழுதினதுதானே?”

அவள் நூலகத்துக்குள் நுழைந்தபோது சவரிராஜ் பூட்டப் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஐயா அன்பளிப்பாக் கொடுத்து அஞ்சு வருஷமாச்சு. எடுக்கிற முதல் ஆள் நீங்கதான். அதுவும் பத்தையும் ஒண்ணா!” என்று பத்துப் புத்தகத்தின் தேதிச் சீட்டிலும் முத்திரை குத்தினார். “புஸ்தகம் கிழியக் கூடாது. உள்ளே ஒட்டின தாளைப் பிரிச்சா எனக்குத் தெரியாது. பத்துக்கும் நம்பர் போட்டாச்சு, உள்ளே இருக்கிறதும் அந்த நம்பர்லதாங்க, கவலைப்படாதீங்க.”

வியாழன் முழுதும் ஈரத்துணியும் பிளேடுமாகப் போயிற்று. மைதாப் பசை விட்டுக்கொடுத்தது. பத்துப் பிரதிகளிலிருந்தும் கண்ணீரும் காதலும் கைக்குட்டையும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொரு வாசகத்துக்கும் அடிக்குறிப்பு எழுதினாள்: மாத்ருபூதம், ‘தூய தமிழ் முழக்கம்’, நூலக எண் இன்னது, அட்டையின் உட்புறம்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ஆய்வேட்டைப் பின்பக்கமிருந்து திறந்தார். அடிக்குறிப்புகளைத் தொகுத்த பட்டியலில் தம் பெயர் வருமிடங்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். அறுபது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் நூலை இத்துணை நுணுகிக் கற்றவர் இதுவரை எவருமிலர்!”

“அட்டை வரைக்கும் படிச்சேன் சார்.”

அவர் பேனாவைத் திறந்தார். பெயரும் பட்டங்களும் கையெழுத்தில் இரண்டு வரி பிடித்தன. மை காய்வதற்குள் அவர் விரல் ‘கைக்குட்டை இரண்டு கொண்டு வருக!’ இருந்த முன்பக்கத்துக்குப் போகத் தொடங்கிற்று. ரெங்கநாயகி குனிந்து மையை ஊதியபடியே ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.